ஹார்லெமிலும் ஒரு சவோய்

வெள்ளவத்தைக்காரர்களுக்கு சவோய் என்றால் காலி வீதியில் இருக்கும் தியேட்டர்தான். நியூயோர்க்கின் ஹார்லெமிலும் ஒரு சவோய் இருந்தது என்பதே லிண்டி ஹொப் வகுப்புக்கு, அதாவது சுவிங் என்ற ஜாஸ் இசைக்கு ஜோடியாக ஆடும் ஹார்லெம் நடனம் பழக, போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

அது 1926இல் லெனொக்ஸ் அவெனியூவில் திறந்த நடன மண்டபம். மேடை இரண்டு, ஒரு பாண்ட் ஓய, மற்றது தொடங்கும். அதே ஹார்லெமில் கொட்டன் கிளப்பில் கறுப்பர் மேடையில் ஆட, வெள்ளையர் மேசையில் இருந்து பார்த்தார்கள். சவோயில் இரண்டு பேரும் ஒரே தரையில் ஆடினார்கள். ஆட்டம் வருமா, அதுதான் அங்கே கேள்வி.

எங்களுக்கும் நடனம் என்றால் பெரும்பாலும் பார்ப்பதுதான். நான் சின்ன வயதிலிருந்து பரதம் பழகியவள். சபையில் இருந்து ஒருவரும் எழும்பி வந்து கூட ஆடியதில்லை. ஆடுவதென்றால் கல்யாண ஹோலில் சாப்பாட்டுக்குப் பிறகு பைலா. அதிலும் பெண்கள் ஒரு வட்டம், ஆண்கள் ஒரு வட்டம், நடுவில் கைலேஞ்சியோடு யாராவது ஒரு மாமா.

லிண்டி ஹொப் வேறு. முன்பின் தெரியாதவர் வந்து "ஆடுவமா?" என்பார். நானும் போய்க் கேட்கலாம். பாட்டு முடிந்தால் நன்றி, அடுத்த ஆள். விருப்பமில்லையா, "வேண்டாம்" போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்கு விளங்கப்படுத்துவதுதான் பெரும்பாடு. "ஆரெண்டே தெரியாதவன்ர கையைப் பிடிச்சோ?" என்றார். "பஸ்ஸில இதைவிட நெருக்கம் அம்மா" என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

லிண்டியின் அடிப்படை அசைவான சுவிங் அவுட் எட்டு எண்ணிக்கை. ஆதி தாளம் போட்ட கைக்கு எட்டு புதிதில்லை. அரைமண்டியும் வீண்போகவில்லை, லிண்டியிலும் முழங்கால் மடிந்தே இருக்கும். ஆனால் பாதம் வழுக்கிப் போகவேண்டிய இடத்தில் எனக்குத் தரையைத் தட்டும் தட்டடவுதான் வருகிறது!

யூடியூபில் எல்லாரும் பார்ப்பது ஆளைத் தூக்கிச் சுழற்றும் வித்தையை. 1935இல் சவோயில் நடந்த போட்டியில் அங்கே ஆடிவந்த ஃபிராங்கி மானிங், தன் ஜோடி ஃப்ரீடா வாஷிங்டனைத் தன் முதுகுக்கு மேலால் புரட்டி இறக்கியதில் அது தொடங்கியது. போட்டிக்குச் சரி. நெரிசலில் செய்தால் பக்கத்து ஆளின் பல் போகும். மானிங்கிடம் எனக்குப் பிடித்தது வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய சுவிங் பாண்டுகள் கலைந்துபோக, அவர் தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்து சுமார் முப்பது வருடம் இருந்தார். 1958இல் சவோயும் மூடப்பட்டது. 1980களில் இளம் ஆட்டக்காரர்கள் அவரைத் தேடிப் பிடித்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அதன் பிறகுதான் நாடு நாடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். 2009இல் இறந்தபோது 94.

வகுப்புக்கு வர யோசிப்பவர்கள் ஜோடி தேடி அலைய வேண்டாம், அங்கே சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிடுவார்கள். ரப்பர் அடிச் சப்பாத்து தரையைப் பிடித்து முழங்காலைத் திருகும், தோல் அடி நல்லது. அப்புறம் மாற்றுச் சட்டை ஒன்று. கொழும்பு வேர்வை தெரியும்தானே.