மாரியில் கூடிய வேகம்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாய்க்கால் மதகு. சுவர் 300 மில்லிமீற்றர் தடிப்பு. ஆடி மாதக் கச்சான் காற்றில் கொங்கிறீட் போட்டோம். சீமெந்து பிளை ஆஷ், அதாவது நிலக்கரிச் சாம்பல், கலந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலும் இப்படித்தான் சீமெந்துக்குள் போய்ச் சேர்கிறது. சாக்குப் போட்டு நனைக்கச் சொல்லியிருந்தேன். தண்ணீர் பவுசர் ஒருநாள் வந்தால் இரண்டு நாள் வராது. பின்னேரம் போய்த் தொட்டால் சாக்கு பொரித்த பப்படம் போல நொறுங்கும்.

28ஆம் நாள் அல்ட்ராசோனிக் கருவியுடன் போனேன். சுவரின் இரு பக்கமும் கிறீஸ் பூசி, கருவியின் இரண்டு தலைகளையும் நேருக்கு நேர் அழுத்திப் பிடித்தோம். ஒலி சுவரைக் கடக்க 78 மைக்ரோசெக்கன். வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 3,850 மீற்றர். வேகம் கூடினால் கொங்கிறீட் இறுக்கம் என்பது பொதுக் கணக்கு. மோசமில்லை, மெச்சவும் ஏலாது.

கார்த்திகையில் அடைமழை. சுவர் கறுத்து ஊறிக் கிடந்தது. அதே புள்ளியில் பிடித்தால் 73. வேகம் 4,110.

“பாத்தீங்களே தம்பி, நல்லா இறுகிட்டுது!” ஓவசியர் அண்ணைக்கு வாயெல்லாம் பல்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒலி காற்றில் செக்கனுக்கு 340 மீற்றர்தான் போகும், தண்ணீரில் 1,480. சுவரின் நுண்துளைகளில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்தால், அதே கொங்கிறீட்டில் வேகம் 5 சதவீதம் வரை கூடும். ஆனால் பலம் பார்க்க வார்க்கும் கொங்கிறீட் கியூப்பை ஊறியபடி நசுக்கிப் பாருங்கள், காய்ந்ததைவிடக் குறைந்த சுமையிலேயே உடையும். கருவி வேகத்தைத்தான் சொல்கிறது, பலத்தை அல்ல.

சாதாரண சீமெந்து என்றால் முழுப் பழியையும் தண்ணீரில் போட்டிருப்பேன். சாம்பல் அப்படியில்லை. சீமெந்து விடுகிற சுண்ணாம்போடு அது மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சேரும், அதற்கும் ஈரம் வேண்டும். கோடையில் காய்ந்து நின்ற வேலையை மாரி மறுபடி தொடக்கியும் இருக்கலாம். சரி, தண்ணீருக்கென்று 5 சதவீதத்தைக் கழித்தால் மிஞ்சுவது 70 மீற்றர், ஒரு மைக்ரோசெக்கனுக்குச் சற்று மேல். கிறீஸ் தடிப்பாகப் பூசினாலே அந்தளவு மாறும்!

73 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஈரச் சுவர்’ என்று எழுதினேன். பங்குனியில் காய்ந்தபிறகு திரும்ப எடுப்போம் என்றேன்.

அண்ணை கொப்பியை எட்டிப் பார்த்தார். “அப்ப பங்குனி வரைக்கும் பில் போகாதோ தம்பி?”