வீணை, குழல், வயலின்: எங்கள் மூவர் குழு உருவான விதம்

தஞ்சாவூரில் பல வருடமாகப் பக்கவாத்தியமாகவே வயலின் வாசித்து வந்தவன் நான். பக்கத்துத் தெருவில் ஒரு வீணை டீச்சர். வங்கி வேலையோடு புல்லாங்குழல் வாசிக்கும் தம்பி ஒருவர். மூவரும் மைக் இல்லாமல் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆசைப்பட்டோம். 1966-இல் லால்குடி ஜெயராமன், என். ரமணி, திருவனந்தபுரம் ஆர். வெங்கடராமன் மூவரும் தொடங்கிவைத்த வயலின்-வேணு (குழல்)-வீணை சேர்க்கைதான் எங்களுக்கு முன்மாதிரி.

முதலில் சுருதி. டீச்சரின் வீணை 3 கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). தம்பியிடம் நன்றாகப் பேசும் குழல் 2½ கட்டை. மூங்கிலை முடுக்க முடியாது, அதனால் வீணையை இறக்கினோம். தந்தி சற்றுத் தளர்ந்தாலும் நாதம் கெடவில்லை.

பெரிய சிக்கல் பாடாந்தரம், அதாவது அவரவர் குருவிடம் கற்ற வடிவம். ஒரே கீர்த்தனை, மூன்று பேருக்கும் வேறு வேறு சங்கதி (ஒரு வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் விதம்). அதைக்கூட எழுதிவைத்துச் சரிசெய்யலாம். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம்தான் வசப்படவில்லை. கல்யாணி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை டீச்சர் தந்தியை இழுத்துக் காட்டுவார். நான் விரலைச் சறுக்குவேன். தம்பி துளையைப் பாதி மூடுவார். சேர்ந்து வாசித்தால் ஒரே ஸ்வரம் மூன்றாகப் பிரிந்து கேட்டது. இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு ஞாயிறு டீச்சர், "வாத்தியத்தைக் கீழே வைங்கப்பா, பாடுவோம்" என்றார். அன்றிலிருந்து எதையும் முதலில் வாயால் பாடி, அசைவு ஒன்றான பிறகுதான் வாத்தியத்தைத் தொடுகிறோம். எங்களைக் குழுவாக்கியது அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் ஒலியளவு. மைக் இல்லாத இடத்தில் குழலும் வயலினும் வீணையை எளிதாக விழுங்கிவிடும். வீணையை நடுவில், ஒரு முழம் முன்னால் வைத்தோம். தம்பி மேல் ஸ்வரங்களான தார ஸ்தாயிக்குப் போவதைக் குறைத்தார். வீணை ஆலாபனை செய்யும்போது நான் அடிப்படை ஸ்வரமான ஷட்ஜத்தை மட்டும் வில்லை அழுத்தாமல் பிடிப்பேன். மிருதங்கம் வேண்டாம் என்று முடிவெடுத்தபோது பலர் தயங்கினார்கள். வீணையில் வாசிப்புத் தந்தி நான்கோடு தாளத்துக்கென்றே மூன்று தந்தி இருக்கிறதே! அதன் மீட்டே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சித்திரை மாதம் ஒரு நண்பர் வீட்டில் முதல் கச்சேரி. முப்பது பேர் வந்தார்கள். மின்விசிறி இரைச்சலில் வீணை கேட்காது என்று அதை நிறுத்தச் சொல்லிவிட்டோம். சூட்டில் குழலின் சுருதி ஏறியது, தந்திகள் இறங்கின. ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவே டீச்சர் தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். கடைசி வரிசையில் இருந்த பெரியவர் வந்து, "தாளத் தந்திகூடத் தெளிவா கேட்டுதும்மா" என்றபோது டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது காபி ராகத்தில் ஒரு தில்லானா எடுத்திருக்கிறோம். வேகமான இடங்களை யார் யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்று ஞாயிறுதோறும் பாடிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.