லாக்கர்ல கிடந்த என் பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்

பிரைவேட் இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார்னு சொன்னாலே எல்லாரும் முதல்ல கேக்கறது சம்பளத்தைத்தான். இன்ஜினியரிங் காலேஜுங்களை மேற்பார்க்கற மத்திய அமைப்பான ஏஐசிடிஇ 2019ல போட்ட ரூல்படி அசிஸ்டன்ட் புரொஃபசருக்கு ஆரம்ப பேசிக்கே 57,700. ஆறு வருஷம் குப்பை கொட்டிட்டு முதல் காலேஜ விட்டு வந்தப்பகூட நான் கையில வாங்கினது அதுல பாதி இல்ல. ஆனா நான் கிளம்பினதுக்கு அது காரணம் இல்ல, குறைச்சலாத்தான் தருவாங்கன்னு தெரிஞ்சுதானே போய்ச் சேர்ந்தோம்.

சேர்ந்த அன்னிக்கே ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் வாங்கி லாக்கர்ல வச்சுட்டாங்க. அப்படி வாங்கி வைக்கக்கூடாதுன்னு ஏஐசிடிஇ சொல்லியிருக்கு, அண்ணா யுனிவர்சிட்டியும் சொல்லியிருக்கு, ஆனா அன்னிக்கு வேலை கிடைச்ச சந்தோஷத்துல யாரு அதெல்லாம் பேசறது.

அப்புறம் ரிசல்ட் மீட்டிங். செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாள் சேர்மன் உக்காந்திருப்பாரு, 60 பர்சன்டுக்கு கீழ பாஸ் காட்டின ஸ்டாஃப் எல்லாம் எந்திரிச்சு நிக்கணும். நான் சர்க்யூட் தியரில நின்னேன். பக்கத்துல 22 வருஷ சர்வீஸ் உள்ள மேடம், முட்டி வலியோட சேரைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, அவங்களைப் பாத்து "ஏன் மேடம், பசங்களுக்குப் புரியலையா, இல்ல உங்களுக்கே புரியலையா"ன்னு கேட்டாரு. ஹாலே கமுக்கமா இருந்துச்சு. பசங்க நல்லா படிக்கணும்னுதான் அப்படிக் கேட்டாராம். அடுத்த செமஸ்டர்ல என்ன ஆச்சு தெரியுமா, கஷ்டமான பேப்பரை எல்லாம் சீனியருங்க நைசா கழட்டி விட்டு புதுசா சேர்ந்த ஜூனியர் ஸ்டாஃப் தலையில கட்டிட்டாங்க, நானும் பாடம் நடத்தறத விட்டுட்டு இம்பார்ட்டன்ட் கொஸ்டின் லிஸ்ட் கொடுக்கறவனா மாறிட்டேன். பாஸ் பர்சன்ட் ஏறிச்சு. சேர்மனுக்கு சந்தோஷம்.

ஏப்ரல் மே வந்தா லீவு கிடையாது, அட்மிஷன் டார்கெட். ஆளுக்கு அஞ்சு சீட். ப்ளஸ் டூ பசங்க லிஸ்டையும் போன் நம்பரையும் கையில கொடுத்துடுவாங்க, வண்டி நம்மளது, பெட்ரோலும் நம்மளது. ஒரு வீட்டுல அந்தம்மா மோர் கொடுத்து உக்கார வச்சு நான் பேசினதை எல்லாம் பொறுமையா கேட்டுட்டு, "தம்பி நீங்க அங்க வாத்தியாரா, ஏஜென்டா?"ன்னாங்க. கிண்டல் இல்ல, நெசமாவே தெரியாமத்தான் கேட்டாங்க.

இதுக்கு நடுவுல ரெண்டு மாச சம்பளம் பாக்கி நிக்கறப்போ மோட்டிவேஷன் ஸ்பீக்கர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து "வேலையைக் காதலியுங்கள்"னு மூணு மணி நேரம் பேச வச்சாங்க. அவருக்கு அன்னிக்கே செக்.

இப்ப இருக்கற காலேஜும் ஒண்ணும் பணக்கார காலேஜ் இல்ல. 2020ல லாக்டவுன் வந்தப்போ இங்கயும் பாதி சம்பளம்தான். ஆனா பிரின்சிபால் முன்னாடியே எல்லாரையும் ஆன்லைன்ல கூப்பிட்டு, இவ்வளவு ஃபீஸ் வந்திருக்கு, இவ்வளவு பஸ் லோன் கட்டணும், மீதி இதுதான்னு கணக்கைக் காட்டி, பாக்கியை எந்த மாசத்துல தர முடியும்னும் சொல்லிட்டாரு. சொன்ன மாசத்துக்கு ஒரு மாசம் தள்ளித்தான் வந்துச்சு, ஆனா வந்துச்சு. ரிசல்ட் மோசமா வந்தா ரூமுக்குக் கூப்பிட்டு "எந்த யூனிட்ல சார் மாட்டறானுங்க"ன்னு கேப்பாரு. அவ்வளவுதான். நான் மறுபடி போர்டுல டெரிவேஷன் போட ஆரம்பிச்சது இங்க வந்துதான்.

பழைய காலேஜ்ல ரிலீவ் ஆகற அன்னிக்கு, வேலைய விட்டுப் போறப்போ தர வேண்டிய கிராஜுவிட்டி பணத்தைக் கேட்டேன். 2009 சட்டத் திருத்தத்துலயே டீச்சர்களுக்கும் உண்டுன்னு வந்துடுச்சு, நான் வந்ததுக்கு அப்புறம் சுப்ரீம் கோர்ட்டும் 2022ல அது செல்லும்னு சொல்லிடுச்சு. அன்னிக்கு அக்கவுன்டன்ட் "அதெல்லாம் கம்பெனிக்காரங்களுக்கு சார்"னுட்டாரு. மூணு மாச நோட்டீஸ், ஏழு கையெழுத்து, அப்புறம்தான் லாக்கரே திறந்தாங்க. பழுப்பு கவர் மேல என் இனிஷியலே தப்பா எழுதியிருந்துச்சு. ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்தேன், பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட் லேமினேஷன் ஓரம் மட்டும் பிரிஞ்சிருந்துச்சு. கவரை எடுத்துக் கொடுத்த ஆபீஸ் அக்கா ரிஜிஸ்டர்ல என்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டே, குரலைத் தாழ்த்தி, "என்னுதும் உள்ளதான் சார் இருக்கு"ன்னாங்க.