புதன்கிழமைச் சாப்பாடு: ஆளுக்கு 150 ரூபாய், கையில் ஒரு மணி நேரம்

அண்ணா சாலையில், அண்ணா சிலைக்குப் பக்கத்தில் எங்கள் அலுவலகம். சாலையை ஒட்டி இருக்கும் ஏசி ஓட்டல்களில் உட்கார்ந்தால் ஒரு சாப்பாடு 250, 300 ஆகும். அதே சாலையைக் கடந்து வாலாஜா சாலையில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் திருவல்லிக்கேணி வந்துவிடும். அங்கே விலை பாதி. சாப்பாடு பல நேரம் இருமடங்கு நன்றாக இருக்கும். இது எனக்குப் புரிய மூன்று வருடம் ஆனது.

நாங்கள் நான்கு பேர். கணக்குப் பிரிவு அண்ணன், எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான அக்கா, போன வருடம் வேலைக்குச் சேர்ந்த தம்பி, நான். வாரத்தில் ஒரு நாள் வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று பேச்சு வந்தபோது தம்பி, “எனக்கு மதியத்துல அவ்வளவா பசிக்காது, நீங்க போயிட்டு வாங்க” என்றான். அவன் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கியிருக்கிறான். சம்பளத்தில் பெரும்பகுதி திருவாரூருக்குப் போய்விடும். மதியம் இரண்டு பன்னும் டீயுமாக முடித்துக்கொள்வதை அக்கா கவனித்திருக்கிறார். அன்று அவர் வேறெதுவும் கேட்கவில்லை. “ஆளுக்கு 150 ரூபாய்க்கு மேல போகக்கூடாது. அப்படின்னா நான் வர்றேன்” என்று பொதுவாகச் சொன்னார். அதுவே எங்கள் சட்டமாகிவிட்டது.

நாள் எது என்பதில் கொஞ்சம் பேச்சு நடந்தது. வெள்ளியும் செவ்வாயும் அண்ணன் கறி தொடமாட்டார். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் வாலாஜா பள்ளிவாசல் பக்கம் கூட்டமும் அதிகம். சரி, புதன்கிழமை. ஒரு மணிக்குக் கிளம்பி இரண்டுக்குள் திரும்ப வேண்டும். போக வர நடை போனால் சாப்பிட 35 நிமிடம் மிஞ்சும்.

முதல் புதன் தம்பிதான் வழிகாட்டி. அக்பர் சாகிப் தெருவில் இருக்கும் காசி விநாயகா மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனான். மேன்ஷன் வாசிகளுக்கு அறிமுகம் தேவையில்லாத இடம். வாசலில் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். எண்ணைக் கூப்பிடும்வரை தெருவில் நிற்க வேண்டும். எங்களுக்கு முன்னால் மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள், கையில் குடையுடன் ஒரு பெரியவர். எண் வந்ததும் உள்ளே போய் உட்கார்ந்தோம். இலை விழுந்த வேகத்தில் பொரியலும் கூட்டும் விழுந்தன.

அந்த ரசத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெரிய ஓட்டல்களில் ரசம் என்பது பெரும்பாலும் புளித்தண்ணீர். சின்னக் கிண்ணத்தில் வரும், யாரும் சீந்தமாட்டார்கள். மெஸ் ரசம் அப்படி இல்லை. பருப்புத் தண்ணீரின் கனம், மிளகு, சீரகம், பூண்டு, தக்காளி எல்லாம் தனித்தனியாக நாக்குக்குத் தெரிகிறது. கடைசியில் கொத்தமல்லி வாசம். அண்ணன் ரசம் சாதத்தை முடித்துவிட்டு, கையைக் குவித்து இன்னொரு முறை ரசத்தை மட்டும் வாங்கிக் குடித்தார். பரிமாறியவர் எதுவும் கேட்காமல் ஊற்றினார். நல்ல மெஸ்ஸா இல்லையா என்று பார்க்க நான் இப்போது முதலில் ரசத்தைத்தான் பார்க்கிறேன். சாம்பாரில் காய் கூடக் குறையப் போட்டுச் சமாளிக்கலாம். ரசத்தில் சமாளிக்க இடமில்லை.

இந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படி ஆகிறது என்று அன்று முழுக்க யோசித்தேன். அப்புறம் பல வாரம் பல மெஸ் பார்த்தபிறகு ஓரளவு பிடிபட்டது. மெனு கார்டு கிடையாது. அன்றைக்கு என்ன காயோ அதுதான். ஜாம் பஜாரில் அன்று எது மலிவோ அது பொரியலாகிறது; முட்டைக்கோஸ் மலிந்த வாரம் முழுக்க முட்டைக்கோஸ். இருபது நிமிடத்தில் ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்காரும். டோக்கன் கணக்கு இருப்பதால் எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்பது தெரியும், மிச்சமும் அதிகம் விழாது. ஏசி இல்லை, விளம்பரம் இல்லை. மெஸ்ஸில் நம் காசு நேராகச் சோற்றுக்குப் போகிறது.

செயலியில் ஆர்டர் செய்தால் இது தலைகீழ். 110 ரூபாய்ச் சாப்பாடு, பேக்கிங், டெலிவரி, 5 சதவீத ஜிஎஸ்டி என்று ஏறிக் கைக்கு வரும்போது 180 ஆகியிருக்கும். ரசம் பிளாஸ்டிக் உறையில் ஆறிப்போய் வரும்.

எல்லாப் புதனும் நன்றாக அமையவில்லை. ஒரு வாரம் ராயப்பேட்டைப் பக்கம், “அன்லிமிடெட் மீல்ஸ் 99” என்று பலகை போட்ட ஓர் இடத்துக்குப் போனோம். 25 நிமிடம் உட்கார வைத்தார்கள். சாதம் ஆறி விறைத்திருந்தது. இரண்டாவது முறை சாம்பார் கேட்டபோது, வெந்நீர் விட்டு நீட்டியதைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். அக்காவுக்கு அன்று மாலைவரை வயிறு சரியில்லை. அலுவலகத்துக்கும் பத்து நிமிடம் தாமதம். எனக்கு வருத்தம் விலையில் இல்லை; 99 ரூபாய்க்கு ஒழுங்காகப் போடுகிறவர்கள் பத்து தெருவுக்குள்ளேயே இருக்கிறார்கள். பசியோடு வருகிறவனை இப்படி ஏமாற்றுவது என்னால் பொறுக்க முடியாதது. அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

சேப்பாக்கத்தில் நாயர் மெஸ். கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்துச் சந்துக்குள், 1961இலிருந்து நடக்கிறது. சாப்பாடும் மீன் குழம்பும் எங்கள் வரம்புக்குள் வருமாறு பார்த்துக்கொள்ளலாம். வஞ்சிரம் வறுவல் ஆளுக்கு ஒன்று என்று போனால் தாண்டிவிடும். நாங்கள் நான்கு பேருக்கு இரண்டு துண்டு வாங்கிப் பங்கு போட்டோம். மீனில் முள் பிரிக்க அக்காவைப் போல் யாரும் கிடையாது. தூத்துக்குடிக்காரர். தன் பங்கைப் பிரித்துப் பாதியைத் தம்பி இலையில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

பிரியாணிக்கு ஒரு கணக்கு உண்டு, அதை அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். திருவல்லிக்கேணியின் சின்னக் கடைகளில் அண்டாவைச் சிவப்புத் துணியால் சுற்றி வாசலிலேயே வைத்திருப்பார்கள். மூடிமேல் நெருப்புக் கங்கு போட்டுத் தம் கட்டிய அண்டா எந்த நேரத்தில் திறக்கிறது என்பதுதான் முக்கியம். திறந்த புதிதில் போனால் மேலே உதிரியான சோறுதான் வரும். கொஞ்சம் இறங்கியபின் மசாலா பிடித்த சோறும் கறியும் சேர்ந்து வரும். அடிக்குப் போனால் எண்ணெய். எனவே முதல் அண்டா திறந்து அரை மணி கழித்துப் போவது நல்லது. நான்கு பேருக்கு இரண்டு மட்டன் பிரியாணி, இரண்டு குஸ்கா வாங்கிக் கலந்துகொண்டால் செலவு அடங்கும். கறி எல்லோருக்கும் வரும். தால்ச்சாவும் கத்தரிக்காயும் கேட்டால் மறுபடி தருவார்கள். இதே அண்ணா சாலையில் 1951இல் தொடங்கிய புஹாரி ஓட்டல் இருக்கிறது. சிக்கன் 65 பிறந்த இடம் என்று பெயர் பெற்றது. அங்கே போவதற்கென்று தீபாவளி போனஸ் மாதத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

ரத்னா கபேயை விட்டுவிட்டால் திருவல்லிக்கேணிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1948இலிருந்து இருக்கும் கடை. இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துச் சாப்பிடுவது அங்கே வழக்கம். வாளியோடு வந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மதியத்துக்கு இட்லியா என்று யோசித்தேன். மழை பெய்த ஒரு புதன் அது சரியாகவே இருந்தது.

ஒரு மாதக் கடைசி. யார் கையிலும் காசு இல்லை. “இந்த வாரம் விட்டுடலாமா?” என்று நான் கேட்டேன். அக்கா, “அம்மா உணவகம் இருக்கில்ல” என்றார். அண்ணன் கொஞ்சம் தயங்கினார். அது இல்லாதவர்களுக்கானது, நாம் போய் நின்றால் ஒருவர் சாப்பாடு குறையும் என்பது அவர் எண்ணம். நியாயமான தயக்கம்தான். மதியம் மூன்று மணிவரை இருக்கும், கடைசியில் போய்ப் பார்த்து மிச்சம் இருந்தால் வாங்குவோம் என்று முடிவு செய்து, அன்று மட்டும் அனுமதி கேட்டு இரண்டரைக்குப் போனோம். தாராளமாக இருந்தது.

2013 பிப்ரவரியில் ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது சென்னை மாநகராட்சி தொடங்கிய உணவகங்கள் இவை. சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். காலையில் ஒரு ரூபாய்க்கு இட்லி. மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். நான்கு பேருக்கு நான்கு சாம்பார் சாதம், நான்கு தயிர் சாதம். மொத்தம் 32 ரூபாய். எவர்சில்வர் தட்டில் வாங்கி, நின்றுகொண்டே சாப்பிடும் உயரமான மேசையில் வைத்துச் சாப்பிட்டோம். சாம்பார் சாதம் குழைந்து, சூடாக இருந்தது. காய் குறைவுதான், உப்பும் காரமும் சரி. பக்கத்து மேசையில் மூட்டை தூக்கும் ஒருவர் இரண்டு தட்டு சாம்பார் சாதத்தை அடுத்தடுத்து முடித்தார். மருத்துவமனை அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு அம்மா, தயிர் சாதத்தைப் பேரனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

தட்டைக் கழுவும் இடத்தில் அண்ணன் பரிமாறிய பெண்ணிடம், “எத்தனை மணிக்கு வருவீங்கம்மா?” என்று கேட்டார். “காலையில டிபன் போடணும்ல சார், நாலு மணிக்கெல்லாம் அடுப்புப் பத்த வச்சிடுவோம்” என்றார் அவர். அண்ணன் திரும்பி வரும் வழி முழுக்க எதுவும் பேசவில்லை.

மெட்ரோ எங்களுக்கு ஒரு வசதி. அரசினர் தோட்டம் நிலையத்தில் ஏறினால் சென்ட்ரல், அடுத்தது உயர் நீதிமன்றம். இரண்டே நிறுத்தத்தில் பாரிமுனை. ஆனால் நாங்கள் அங்கே தேடிய சாப்பாடு மதியத்தில் சரிப்படாது. பர்மா பஜாரை ஒட்டி, செகண்ட் லைன் பீச் சாலையில் போடும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைகள் மாலையில்தான் களைகட்டும். ஒரு புதன் மட்டும் சாப்பாட்டை மாலைக்குத் தள்ளிவைத்தோம்.

ஆரஞ்சு நிற நூடுல்ஸ், துருவிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பேஜோ நொறுக்கல், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள். எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயத்தை அடைத்துப் புளித்தண்ணீர் விட்டுத் தருவது முட்டை மசாலா. அதை ஒரே வாயில் போட வேண்டும். நான்கு பேரும் வயிறாரச் சாப்பிட்டும் வரம்பைத் தொடவில்லை.

அண்ணன் மட்டும் சூப்பைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம்தான் சொன்னார். அவர் அம்மா ரங்கூனில் பிறந்தவர். 1960களில் அங்கே ஆட்சி மாறி, தமிழர்களின் கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டபோது கப்பலேறி வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. சிவகங்கைப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின்னும் வீட்டில் வாழைத்தண்டு வாங்கினால் பொரியல் செய்யமாட்டாராம், சூப்தான் வைப்பாராம். ஏழெட்டு வருடம் ஒரே அலுவலகத்தில் பக்கத்து இருக்கை. இதை ஒருநாளும் அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

“அம்மா இப்ப எங்கேண்ணே இருக்காங்க?” என்று தம்பி கேட்டான்.

“வீட்லதான். வியாசர்பாடியில. கால் வலி, வெளிய வர்றதில்ல.”

தம்பி எழுந்து கடைக்காரரிடம் போனான். “அண்ணே, ஒரு அத்தோ பார்சல். சூப்பைத் தனியா கட்டுங்க. பேஜோவையும் தனியா வையுங்க, நமுத்திடும்.” அண்ணன் சட்டைப் பையில் கை விட்டார். தம்பி அதற்குள் காசைக் கொடுத்து முடித்திருந்தான்.