பையை விட்டு வெளியே வராத பாட்டில்

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் திடீரென்று எகிறினால் நாங்கள் முதலில் கேட்பது "வேற ஏதாவது மருந்து எடுத்தீங்களா?" என்பதுதான். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபது வருடம் ஓட்டிவிட்டேன், இந்தக் கேள்வியை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பதில் பெரும்பாலும் "இல்லைங்க" தான். அறுபதைத் தாண்டிய அந்தப் பெரியவரும் அதையேதான் சொன்னார். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர், ஐ.என்.ஆர். 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும், ஒன்றரை வருடமாக 2.8, 2.9 என்று ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு 6.1. பல் துலக்கினால் ரத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று வந்திருந்தார். ஆன்டிபயாடிக் இல்லை, வலி மாத்திரை இல்லை, சாப்பாட்டில் மாற்றம் இல்லை. ஒருவேளை இரண்டு மடங்கு விழுங்கிவிட்டாரோ என்று அட்டையை வாங்கி மாத்திரைகளை எண்ணினேன், கணக்கு சரியாக இருந்தது. வார்ஃபரினை நிறுத்திவைத்து, வைட்டமின் கே கொடுத்து, பழையபடி ஆரம்பித்து அனுப்பினோம். இரண்டு வாரத்தில் 5.4 என்று திரும்பி வந்தார்.

இந்தத் தடவை அவர் கழிவறைக்குப் போன நேரம் பார்த்து அவர் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்தார். "சொல்லாதேன்னு சொல்லியிருக்காரும்மா. முட்டி வலிக்கு மூத்தவன் வாங்கிக் கொடுத்தது. நாக்குக்கு அடியில ராத்திரி பத்து சொட்டு." சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், சொட்டுக்குழாய் மூடி. எண்ணெய் வழிந்து லேபிள் பாதி கரைந்திருந்தது. மிச்சத்தில் ஓர் இலைப் படமும் '1000 மி.கி.' என்ற எண்ணும் தெரிந்தன, எதில் ஆயிரம், ஒரு மில்லியிலா, முழுப் பாட்டிலிலா, தெரியவில்லை. மூடியைத் திறந்தால் வெட்டிப்போட்ட புல் வாடை. கஞ்சா எண்ணெய்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன். இதற்கு இங்கே அனுமதி கிடையாது, போலீஸ் கேஸ் ஆகிவிடும், உங்கள் பையனுக்குத்தான் கஷ்டம் என்று அந்த அம்மாவிடம் ஐந்து நிமிடம் பாடம் எடுத்தேன். ஃபைலில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தேன். அடுத்த முறை வந்தபோது "அதெல்லாம் அன்னிக்கே நிறுத்திட்டோம்" என்றார்கள். ஐ.என்.ஆர். 4.8. அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. வார்ஃபரினை உடைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலில் ஒரு நொதி செய்கிறது. கஞ்சாவில் இருக்கும் சி.பி.டி. என்ற பொருள் அந்த நொதியை மந்தமாக்கும். உடையாத வார்ஃபரின் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும், எண் ஏறும், மூளையில் கசிந்தால் ஆள் போய்விடுவார். இதைச் சொல்லி, "நிறுத்த முடியலைன்னா மறைக்காம சொல்லுங்க, வாராவாரம் ரத்தம் பார்த்து வார்ஃபரின் அளவைக் குறைக்கலாம்" என்று முடித்திருந்தால் அந்தப் பை மறுபடியும் திறந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கேஸ், போலீஸ் என்று ஆரம்பித்தால் யார் திறப்பார்கள்?

மருத்துவக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று எங்கே விவாதம் நடந்தாலும் எனக்கு அந்தக் கைப்பைதான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் ஓய்வறையிலும் இந்தச் சண்டை வருடத்துக்கு இரண்டு தடவையாவது வரும். மூத்த மருத்துவர் ஒருவர் மேசையைத் தட்டி, "போதைப்பொருளை மருந்துன்னு சொல்றதே அபத்தம்" என்பார். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "மூலிகைதானே சார், கெமிக்கல் இல்லையே" என்பான். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வரும், ஆனால் கோபத்துக்குக் காரணம் வேறு வேறு.

முதலில் மூத்தவருக்கு. அவர் எழுதுகிற சீட்டுக்கு நான் தினமும் மார்பின் எடுத்துத் தருகிறேன். இரண்டு பூட்டு போட்ட இரும்பு அலமாரி, இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. ஓர் ஆம்பியூல், அதாவது ஊசி மருந்துக் கண்ணாடிக் குப்பி, எடுத்தால் பதிவேட்டில் நோயாளி பெயர், நேரம், அளவு, மீதி, இரண்டு கையெழுத்து. பத்து மில்லிகிராம் ஆம்பியூலில் ஆறுதான் தேவையென்றால் மிச்சம் நாலை இன்னொருவர் கண் முன்னால் கொட்டி, அதையும் எழுத வேண்டும். ஒரு தடவை ராத்திரி ஷிப்டில் என் கை தவறி ஆம்பியூல் கீழே விழுந்து உடைந்தது. தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்காமல், நர்ஸ் வந்து பார்க்கும்வரை அப்படியே காவல் காத்து நின்றேன், பொறுக்கிவிட்டால் நான் திருடினேனா உடைத்தேனா என்பதற்குச் சாட்சி இருக்காதே. அடிமையாக்கும் என்பது மார்பினுக்குப் பொருந்தாதா? பொருந்தும், அதனால்தான் இத்தனை பூட்டு. 1961-இல் போட்ட ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தத்தின் முன்னுரையே, வலியைத் தணிக்க இவற்றின் மருத்துவப் பயன்பாடு தவிர்க்க முடியாதது என்று ஒப்புக்கொள்கிறது. அதே ஒப்பந்தம்தான் கஞ்சாவைக் கொண்டுபோய் ஹெராயினோடு, மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள நாலாவது பட்டியலில் உட்கார வைத்தது. உலக சுகாதார நிறுவனம் எடுக்கச் சொல்லி, 2020 டிசம்பரில் ஓட்டெடுப்பு நடந்து, 27-க்கு 25 என்ற கணக்கில்தான் அங்கிருந்து இறங்கியது. மார்பின் இருக்கிற முதல் பட்டியலில் இன்னமும் இருக்கிறது.

கூத்து என்னவென்றால், அமெரிக்காவில் ஏற்கப்பட்ட மருத்துவப் பயன் எதுவும் இல்லை என்ற வகையில் கஞ்சாவைப் பூட்டி வைத்திருந்த அதே அரசு, 1985-லேயே டிரோனபினால் என்ற மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. புற்றுநோய்க்குக் கொடுக்கிற கீமோவால் வரும் வாந்திக்கு. அந்த மாத்திரையில் இருப்பது செயற்கையாகத் தயாரித்த டி.எச்.சி., அதாவது கஞ்சாவில் போதை தருகிற அதே பொருள். மாத்திரை மருந்து, செடிக்குப் பயனே இல்லை!

சரி, சின்னப் பையனுக்கு வருகிறேன். அவன் சொல்லும் 'மூலிகை' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆகாது. ஒரு பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லத் தெரியாத இடத்தில் எல்லாம் ஒட்டிவைக்கிற லேபிள் அது. 2017-இல் ஓர் ஆய்வில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 26-இல்தான். 18-இல் டி.எச்.சி.யும் கலந்திருந்தது.

இது ஏதோ நுகர்வோர் புகார் மாதிரித் தெரியலாம். ஒரு அம்மா வலிப்பு வருகிற மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். டிராவே சின்ட்ரோம் என்ற, குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கடுமையான வலிப்பு நோய், மூன்று மருந்துக்கும் அடங்கவில்லை. "அக்கா, இதுல அஞ்சு சொட்டு கொடுக்கறேன், நல்லா தூங்கறான்" என்று பாட்டிலை நீட்டினார், ஒளிக்காமல் நீட்டினாரே என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கணக்குப் போட்டேன். பத்து மில்லி பாட்டில், லேபிளை நம்பினால் மொத்தம் 300 மில்லிகிராம். சுமார் 200 சொட்டு வரும், ஆக ஒரு சொட்டில் ஒன்றரை, ஐந்து சொட்டில் ஏழரை மில்லிகிராம். இதே டிராவே சின்ட்ரோமுக்கு 120 பேரை வைத்து முறையாகச் செய்து 2017-இல் வெளியான ஆய்வில் கொடுத்தது கிலோவுக்கு 20 மில்லிகிராம், ஒரு நாளைக்கு. இந்தக் குழந்தை 12 கிலோ. 240 வர வேண்டும். ஏழரை எங்கே, 240 எங்கே!

அந்த ஆய்வில் சி.பி.டி. எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆகக் குறைந்தது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி மருந்து எடுத்தவர்களுக்கு 14.9-இலிருந்து 14.1. நிஜமான பலன். அதை வைத்துத்தான் 2018-இல் எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, நல்லெண்ணெயில் கரைத்த சிரப், ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் என்று அச்சடித்து வரும். குளோபசாம் என்ற வலிப்பு மருந்து எடுக்கிற குழந்தைக்குத் தூக்கம் கூடும், வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து எடுத்தால் கல்லீரலைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் காகிதத்தில் இருக்கும். இந்த அம்மாவின் பாட்டிலில் அந்தக் காகிதம் இல்லை. ஏழரை மில்லிகிராமுக்கு ஒரு குழந்தை அப்படித் தூங்குகிறது என்றால் உள்ளே வேறு என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குப் பயம். சோதித்துச் சொல்லுங்கள் என்று கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு இடம் இல்லை, கொண்டுபோனால் நானே கஞ்சா வைத்திருந்தவள் ஆகிவிடுவேன்.

ஆதரிக்கிறவர்கள் எல்லா வலிக்கும் இதுதான் மருந்து என்று பேசுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. வலிப்புக்கும் கீமோ வாந்திக்கும் இருக்கிற அளவுக்கு நாள்பட்ட வலிக்குச் சான்று கெட்டியாக இல்லை. அமெரிக்க தேசிய அகாடமிகள் 2017-இல் ஓரளவு நல்ல வார்த்தை சொன்னார்கள், 2021-இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் இப்போதைக்குப் பரிந்துரைக்க மாட்டோம் என்றது. இளம் வயதில் அதிகம் புகைத்தால் மனநலம் கெடும் ஆபத்தைப் பற்றி மேடையில் யாரும் வாயைத் திறப்பதில்லை. கலிபோர்னியா 1996-இல் பொது வாக்கெடுப்பு வழியாகத்தான் இதை அனுமதித்தது. வலியில் துடிக்கிறவர்கள் வேறு வழியில்லாமல் வாக்குப்பெட்டிக்குப் போனது புரிகிறது, ஆனால் ஒரு மருந்துக்கு எவ்வளவு டோஸ் என்பது ஓட்டில் தெரியுமா?

தாய்லாந்து 2018-இல் மருத்துவத்துக்கு அனுமதித்து, 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்து, தெருவுக்குத் தெரு கடை முளைத்த பிறகு, 2025-இல் மறுபடியும் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று திரும்பி வந்தது. பிரிட்டனில் கதை தலைகீழ். 2018 நவம்பரில் சட்டம் திறந்தது, சிறப்பு மருத்துவர்கள் எழுதலாம் என்றார்கள், அரசு ஆஸ்பத்திரிகளில் எழுதியவர்கள் மிகக் குறைவு, காசு இருப்பவர்கள் தனியாரிடம் போனார்கள். சட்டம் மாறிய மறுநாள் என் கவுன்ட்டருக்குச் சீட்டு வந்துவிடும் என்ற கனவும் அத்தோடு எனக்குப் போயிற்று.

இன்னொன்று, விவாதத்துக்குத் துளியும் சம்பந்தமில்லாதது. நம் உடலே தயாரித்துக்கொள்கிற கஞ்சா போன்ற ஒரு வேதிப்பொருளை 1992-இல் கண்டுபிடித்தார்கள். டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்த ரஃபேல் மெக்கூலமின் குழுதான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் அனந்தமைடு, நம் ஆனந்தம்தான். ஓய்வறையில் இதைச் சொன்னால் அன்றைக்கு மட்டும் இரண்டு கட்சியும் ஒன்றாகச் சிரிக்கும்.

எனக்கு வேண்டியது ரொம்ப சலிப்பான ஒன்று. அந்த இரும்பு அலமாரியில் மார்பினுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. தொகுதி எண், காலாவதி தேதி, ஒரு மில்லியில் எவ்வளவு என்று அச்சடித்த பாட்டில், பதிவேட்டில் இரண்டு கையெழுத்து. கடையும் வேண்டாம், இலைப் படமும் வேண்டாம். இதைச் சொன்னால் மூத்தவர் என்னைக் கஞ்சா ஆதரவாளர் என்கிறார், பையன் பயந்தாங்கொள்ளி என்கிறான்.

கேட்கிற விதத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். "எண்ணெய், இலை, லேகியம், யாராவது கொடுத்த சொட்டு மருந்து, எதுவா இருந்தாலும் சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்காமல் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருப்பேன். போன வாரம் அம்மாவுக்கு வார்ஃபரின் வாங்க வந்த ஒருவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து கவுன்ட்டர் மேல் வைத்து, அதன் மேல் கையை மூடிக்கொண்டே கேட்டார்: "இதை ஃபைல்ல எழுதுவீங்களா மேடம்?"

எழுதாமல் விட முடியாது, அடுத்த ஷிப்டில் இருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். பேனாவை எடுத்தேன், அவர் கை பாட்டிலோடு பின்னால் நகர்ந்தது. "ஐ.என்.ஆர். வாரம் ஒருமுறை பார்க்கவும். உடன் எடுப்பது:" என்று எழுதி நிறுத்தினேன். அப்புறம், "மூலிகை எண்ணெய்" என்று எழுதினேன்.