கடைசி மாத்திரைக்குப் பிறகும்

ரங்கூனில் எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் முழு அட்டை வேண்டுமென்று சொல்லிக் கேட்க வேண்டும். இல்லையென்றால் கத்தரியால் நறுக்கி, வேண்டிய மாத்திரையை மட்டும் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டிவிடுவார்கள். மருந்தின் பெயரே பாதி போயிருக்கும். எச்சரிக்கை எங்கே மிஞ்சப்போகிறது?

திஞ்ஜான் என்னும் பர்மியப் புத்தாண்டுத் திருவிழா சமயத்தில் மாமாவுக்கு வயிற்றுப்போக்கு. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

"மாமா, பீர் வேண்டாம்."

"மாத்திரை காலையில போட்டாச்சும்மா. பீரு சாயங்காலந்தானே?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அட்டையில் 'மது தவிர்க்கவும்' என்றிருந்தாலும் எத்தனை நாளைக்கு? இந்த மருந்துக்கு, நிறுத்திய பிறகும் 48 மணி நேரம் என்று பிரிட்டனிலும், 3 நாள் என்று அமெரிக்காவிலும் குறிப்பு உண்டு. குமட்டல், வாந்தி, முகம் சிவந்து படபடப்பு வரலாம் என்பதுதான் காரணம். அது அடிக்கடி வருமா என்று மருத்துவர்களுக்குள்ளேயே இப்போது வாதம் நடக்கிறது.

ஆனால் காசநோய்க்கான ஐசோனியசிட் கதை வேறு. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்து. கூடவே குடித்தால் கல்லீரல் கெடும் அபாயம் கூடும். தூக்க மாத்திரையோடு சாராயம் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். மூன்றுக்கும் அதே ஒற்றை வரி என்றால் எது உயிர்ப்பிரச்சினை என்று யாருக்குத் தெரியும்? (சில இருமல் மருந்திலேயே ஆல்கஹால் இருப்பது தனிக் கூத்து.)

மாமாவின் பையில் நானே பேனாவால் எழுதினேன்: 'கடைசி மாத்திரைக்குப் பிறகும் 3 நாள் குடிக்கக் கூடாது. வாந்தி வரலாம்.' படித்துவிட்டு, "இதை முதல்லயே போட வேண்டியதுதானே" என்று கடைக்காரரைத் திட்டினார்.