மடக்குக் கத்தி கற்க வருபவர்களுக்கு: வரி எஃகைக் கடைசியில் தொடுங்கள்

டமாஸ்கஸ் எஃகில் மடக்குக் கத்தி செய்யக் கற்க வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கைபேசியில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். அலகு முழுக்க நீர் ஓடிய தடம் மாதிரி வரிகள். "இந்த வரி எப்படி வருகிறது?" என்பதுதான் முதல் கேள்வி. என்னையும் இந்தத் தொழிலுக்கு இழுத்தது அந்த வரிதான். ஆனாலும் வழி கேட்டால் நான் சொல்வது ஒன்றே: வரி எஃகைக் கடைசியில் தொடுங்கள். மடக்குக் கத்தியின் உயிர் அலகைப் பிடித்து நிறுத்தும் முதுகு ஸ்பிரிங்கிலும், அந்த ஸ்பிரிங் வந்து உட்காரும் அலகின் அடிப்பகுதியிலும் இருக்கிறது. அது கைவராமல் வரி எஃகு அடித்தால், பார்க்க அழகாகவும் திறந்தால் ஆடுவதாகவும் ஒரு பொருள்தான் மிஞ்சும்.

நான் கற்றது இங்கிலாந்தில், ஷெஃபீல்டு வட்டாரத்தில். மடக்குக் கத்தியில் நீண்ட மரபு உள்ள ஊர். லிட்டில் மெஸ்டர் என்று அழைக்கப்பட்ட தனிப்பட்டறைக் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வேலை செய்தார்கள். 2021இல் மறைந்த ஸ்டான் ஷா அந்த வரிசையில் வந்தவர். பதினான்கு வயதில் தொழிலுக்கு வந்து, முதுமையிலும் பேனாக்கத்தி செய்துகொண்டிருந்தார். அந்தக் கைகள் பேர் வாங்கியது பொருத்தத்துக்காக. கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒளி தெரியக்கூடாது. திறக்கும்போதும் மூடும்போதும் திடமான 'டக்' சத்தம் வேண்டும்.

பூட்டில்லாத, ஸ்பிரிங் மட்டுமே பிடித்து நிறுத்தும் கத்தியை முதலில் தேர்ந்தெடுங்கள். அமைப்பில் அதுதான் அடிப்படை. சட்டமும் அதற்கு உதவியாக இருக்கிறது. பிரிட்டனில், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியைத் தனியாகக் காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் இருக்கும் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்று அளவு குறிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

எந்த எஃகைப் பற்றிப் பேசுகிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். டமாஸ்கஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு எஃகுகள் புழங்குகின்றன. பழைய பாரசீக, அரபு வாள்களில் கண்ட வரி, மூசை என்ற மண்கலத்தில் உருக்கி மெல்ல ஆறவிட்ட எஃகின் உள்ளேயே உருவானது. அந்த எஃகுக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை. நம் கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் அந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அதன் ரகசியத்தைத் தேடி 1819 வாக்கில் லண்டனில் மைக்கேல் ஃபாரடேயே சோதனைகள் செய்தார். இன்று பட்டறைகளில் அடிப்பது பெரும்பாலும் மற்றொரு வகை: இரண்டு விதமான எஃகுத் தகடுகளை அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்து ஒன்றாக்குவது. 1973இல் பில் மோரன் என்ற அமெரிக்கக் கொல்லர் தன் கத்திகளைக் கண்காட்சியில் வைத்த பிறகு இந்த முறைக்கு மறுபடி உயிர் வந்தது. நாம் கற்கப்போவது இந்த அடுக்கு எஃகைத்தான். நம் மண்ணின் மூசை எஃகு தனிப் படிப்பு. இரண்டையும் குழப்பி, "பழைய ரகசியம்" என்று சொல்லி விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? 1084 என்ற சாதாரண கார்பன் எஃகுப் பட்டை, சுமார் 2.5 மில்லிமீட்டர் தடிமனில் வாங்குங்கள். அலகு, ஸ்பிரிங் இரண்டையும் அதிலேயே அறுத்து எடுக்கலாம். சம்மட்டியே வேண்டாம். அரம், துளைக்கும் இயந்திரம், வெர்னியர், நுண்ணிய உயர வேறுபாட்டை முள்ளில் காட்டும் ஒரு டயல் கேஜ் போதும். இந்த எஃகைச் சூடேற்றிக் கடினமாக்குவதும் எளிது. காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரி செல்சியஸ் பக்கம். அதையும் தாண்டி 815 டிகிரிக்குக் கொண்டுபோய், 50 டிகிரிக்குச் சூடாக்கிய கனோலா எண்ணெயில் தோய்க்க வேண்டும். தோய்த்தபின் அரம் வழுக்கிக்கொண்டு போனால் கடினமாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் நொறுங்கும் தன்மை குறைய 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து இளக்கி, ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். அலகுக்கு இது போதும். ஸ்பிரிங்குக்குப் போதாது. ஸ்பிரிங்கை 300 டிகிரிக்கு மேல், நீலம் ஓடும்வரை இளக்க வேண்டும். அலகின் கடினத்தோடேயே விட்டால் வளையும்போது ஒடிந்துவிடும்.

இனி இந்தத் தொழிலின் நடுப்பகுதி. இதில்தான் அதிக நேரம் செலவாகும், செலவாகவும் வேண்டும்.

அலகின் அடிப்பகுதியை டாங் என்கிறார்கள். சுழல் ஆணி அதன் வழியாகத்தான் போகிறது. டாங்கின் மூன்று முகங்கள் ஸ்பிரிங்கின் நுனியோடு மாறி மாறிச் சேரும்: முழுதும் திறந்தபோது ஒன்று, பாதியில் நிற்கும்போது ஒன்று, மூடியபோது ஒன்று. நல்ல கத்தியில் இந்த மூன்று நிலையிலும் ஸ்பிரிங்கின் முதுகு பக்கத் தகடுகளோடு ஒரே மட்டமாக இருக்கும். விரலை ஓட்டினால் தடுக்காது. இதற்கு ஒரு தடித்த தகட்டில் ஆணிகளை நட்டு அலகையும் ஸ்பிரிங்கையும் அதில் பொருத்துங்கள். ஸ்பிரிங்கின் முதுகில் டயல் கேஜை வைத்து மூன்று நிலையிலும் படியுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அரத்தால் டாங்கின் ஒரு முகத்தைத் தேய்த்தால் அந்த நிலையில் ஸ்பிரிங் இறங்கும். ஏற்றுவதற்கு வழியே கிடையாது. அதனால் மூன்றில் எது தாழ்ந்திருக்கிறதோ, அதைத் தொடாமல் மற்ற இரண்டையும் அதன் மட்டத்துக்கு இறக்க வேண்டும். ஒரு முகத்தில் அளவுக்கு மேல் போய்விட்டால் மற்ற இரண்டும் அதோடு சேர்ந்து இறங்கியாக வேண்டும். என்னோடு கற்ற பலர் ஒரு முகத்தைத் தேய்த்துவிட்டு அடுத்ததை, பிறகு மறுபடி முதலாவதை என்று மாறி மாறித் துரத்தி, கடைசியில் ஸ்பிரிங்கில் இழுவையே இல்லாத நிலைக்கு வந்து நின்றார்கள். அரத்தை எடுக்கும் முன் மூன்று அளவையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் கடினமாக்குவதற்கு முன்பே முடிய வேண்டும். அதற்குப் பிறகு சாணைக்கல்லால் மெருகேற்றுவது மட்டும்தான்.

ஸ்பிரிங் விறைப்பாக இருந்து நகம் வலித்தால், நடு ஆணிக்கும் நுனிக்கும் இடையே அதன் உட்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாக்குங்கள். அந்தப் பகுதியில் அரத்தின் குறுக்குக் கோடு ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. நீளவாக்கில் உப்புத்தாள் போட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். வளைந்து வளைந்து வேலை செய்கிற உலோகத்தில் விரிசல் குறுக்குக் கீறலிலிருந்துதான் கிளம்பும். சுழல் ஆணிக்குப் புஷ் (ஆணியைச் சுற்றி உட்காரும் சிறு குழாய்) போடுவதானால், புஷ்ஷின் உயரம் டாங்கின் தடிமனைவிட 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர் அதிகம் இருக்கட்டும். ஆணியைத் தட்டி இறுக்கினாலும் அலகு சிக்காது. புஷ் இல்லாமல் செய்தால், மெல்லிய பித்தளைத் தகட்டை அலகுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே செருகி, ஆணித்தலையைத் தட்டியபின் உருவிவிடுவது பழைய வழக்கம். துளை மட்டும் செங்குத்தாக இல்லையென்றால் இந்த எதுவும் காப்பாற்றாது. அலகு ஒரு பக்கம் சாய்ந்துதான் மூடும்.

சான்றிதழ் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உலகில் மதிப்புள்ள தேர்வுகளில் ஒன்று, 1976இல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் தேர்வு. ஜர்னிமேன் என்ற முதல் நிலையில் நீங்கள் அடித்த கத்தி, தொங்கும் ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். டூ பை ஃபோர் (இரண்டுக்கு நான்கு அங்குலம் எனப்படும்) மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்கியபின் கை மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் 90 டிகிரி வளைத்தாலும் ஒடியக்கூடாது. இது மடக்குக் கத்திக்கான தேர்வு இல்லை, நிலையான அலகுக்கானது. ஆனால் அதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. அந்த முதல் நிலைச் சோதனைக் கத்தியில் டமாஸ்கஸுக்கு இடமே இல்லை. மாஸ்டர் நிலைக்குப் போகும்போதுதான் குறைந்தது 300 அடுக்குள்ள அலகு கேட்கிறார்கள். சாதாரண எஃகின் பதம் தெரிந்தவர்தான் வரி எஃகுக்கு வர வேண்டும் என்பதை அவர்கள் விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

இப்போது வரி. பழக்கமான இணை 1084ம் 15N20ம். பின்னதில் ஏறக்குறைய 2 சதவீதம் நிக்கல் இருக்கிறது. அமிலத்தில் நனைக்கும்போது 1084 கறுக்கும், நிக்கல் அடுக்கு வெள்ளியாக நிற்கும். கார்பன் அளவு வேறுபட்டால்தான் வரி தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். உலைச் சூட்டில் கார்பன் அடுக்குகளைத் தாண்டிப் பரவிச் சமமாகிவிடும். நிக்கல் அப்படி நகராது, அதனால் வரியைத் தாங்குவது அதுதான்.

அடுக்கு எத்தனை வேண்டும் என்பதைக் கத்தியின் அளவை வைத்துக் கணக்கிடுங்கள். எவ்வளவு அதிகமோ அவ்வளவு உயர்வு என்ற எண்ணம் பேனாக்கத்திக்குப் பொருந்தாது. 11 தகடுகளில் தொடங்கி, நீட்டி, நான்காக வெட்டி அடுக்கினால் 44. மறுபடி நான்காக்கினால் 176. அலகு 2.4 மில்லிமீட்டர் தடிமன், 18 மில்லிமீட்டர் அகலம் என்று வைப்போம். இருபுறமும் சரிவாகத் தேய்க்கும்போது ஒரு பக்கத்தில் வெட்டுப்படுவது பாதி அடுக்குகள். 44 அடுக்கில் 22 வரி, ஒவ்வொன்றும் 0.8 மில்லிமீட்டர் அகலம். 176இல் 0.2 மில்லிமீட்டர். 352 என்றால் 0.1தான், கை நீட்டிப் பிடித்தால் வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். சின்ன அலகுக்கு எனக்குப் பிடித்தது இந்த 44க்கும் 176க்கும் இடைப்பட்ட இடம்.

சரிவில் வரி தானாக வரும், ஆனால் டாங்கின் தட்டையான பக்கத்தில் வராது. அடுக்குகள் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்திருப்பதால் அங்கே மேலேயுள்ள ஓர் அடுக்கு மட்டும்தான் கண்ணில் படும். அதற்காகத்தான் ஏணி வரி, மழைத்துளி வரி, முறுக்கு வரி எல்லாம். கட்டியின் இருபுறமும் குறுக்கே பள்ளம் எடுத்து அடித்துத் தட்டையாக்கினால் ஏணி. ஆழமில்லாத குழிகள் துளைத்து அதேபோல் தட்டையாக்கினால் மழைத்துளி. பள்ளமும் குழியும் மாற்றுவது மேல்தோலை, உள்ளே போகப் போக வரி மங்கும். அதனால் கடைசித் தடிமனுக்கு மிக அருகிலேயே அடித்து நிறுத்துங்கள். தடிமனாக விட்டுப் பிறகு தேய்த்தால் உழைத்த வரி தூசியாகப் போகும்.

ஒட்டும் வேலையில் சுத்தம்தான் எல்லாம். தகடுகளின் கருஞ்செதிலை முழுதாகத் தேய்த்து எடுத்து, அடுக்கி, முனைகளை வெல்டு வைத்துக் கட்டுங்கள். செஞ்சூட்டில் பொரித்த வெங்காரம் தூவி, 1200 டிகிரிக்கு மேல் ஏற்றி, உட்பகுதியும் அதே நிறம் வரும்வரை பொறுங்கள். முதல் அடிகள் லேசாக, நெருக்கமாக, உருகிய வெங்காரம் வெளியே பிதுங்கும்படி இருக்கட்டும். அது தெறிக்கும், தோல் ஏப்ரனும் முகக்காப்பும் இல்லாமல் நிற்காதீர்கள். மறுபடி அதே சூட்டுக்குக் கொண்டுபோய் இன்னொரு முறை அடியுங்கள். ஆறும்போது மேற்பரப்பில் ஓர் இடம் மட்டும் சீக்கிரம் இருண்டால் அங்கே அடியில் ஒட்டவில்லை. அடுத்த மடிப்புக்குப் போகாமல் அதை அப்போதே சரிசெய்யுங்கள்.

மடக்கு அமைப்பையும் வரி எஃகையும் சேர்க்கும்போது அலகை மட்டும் வரி எஃகில் செய்து, ஸ்பிரிங்கைச் சாதாரண 1084இலேயே வையுங்கள். மெல்லிய அடுக்கு எஃகு தோய்க்கும்போது கோணும் வாய்ப்பு அதிகம். முன்னதாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறைத்துக்கொண்டே, காற்றில் ஆறவிட்டால் பெரிதும் அடங்கும். அமிலத்துக்கு முன் 800 எண் உப்புத்தாள் வரை கையால் தேய்க்க வேண்டும். பெல்ட் கிரைண்டரின் கீறல் அமிலத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு பங்கு ஃபெரிக் குளோரைடுக்கு மூன்று நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர், சில நிமிடங்களாகப் பல முறை. டாங்கின் மூன்று முகங்களையும் சுழல் துளையையும் நகப்பூச்சால் மூடிவிடுங்கள். அமிலம் அங்கே பட்டால் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த மட்டமும் வழவழப்பும் போய்விடும். பிறகு சமையல் சோடா நீரில் கழுவி எண்ணெய் பூசுங்கள். மிச்ச அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது.

எரிவாயு உலை வைத்திருக்கும் இடத்தில் கதவு திறந்திருக்கட்டும், கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். எஃகு, எலும்பு, கருங்காலித் தூசி எதுவானாலும் சரியான வடிகட்டி உள்ள முகமூடி இல்லாமல் கிரைண்டரை ஓட்ட வேண்டாம். நுரையீரல் விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

கத்தி முடிந்ததும் விற்பதற்கோ பரிசளிப்பதற்கோ அவசரப்படாமல் சில மாதம் நீங்களே பையில் வைத்துப் பழம் நறுக்க, கயிறு அறுக்கப் பயன்படுத்துங்கள். மாதம் ஒருமுறை டயல் கேஜில் மூன்று நிலையையும் மறுபடி படித்து, பழைய தாளோடு ஒப்பிடுங்கள். திறந்த நிலையில் மட்டும் மட்டம் இறங்கியிருந்தால் டாங் தேய்கிறது, அதாவது கடினம் போதவில்லை. மூன்றிலுமே இழுவை தளர்ந்திருந்தால் ஸ்பிரிங்கின் பதம் இளகிவிட்டது, அடுத்த ஸ்பிரிங்கை இன்னும் குறைந்த சூட்டில் இளக்குங்கள்.